கருப்பையில் ஏணி உண்டா?

"மனிதன் தாயின் வயிற்றிலே முதலில் மீனாக இருக்கிறான், பின்பு தவளையாகிறான், பின்பு குரங்காகிறான், இறுதியிலேதான் மனிதனாகிறான்." இவ்வாசகத்தைக் கேளாத மாணவர் நம்மிடையே மிகச் சிலர். விலங்கியல் வகுப்பிலே இது கூர்ப்புக் கொள்கைக்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றது. முற்போக்கு மேடைகளிலே மதவாதிகளை மடக்குதற்கு எடுத்தாளப்படுகின்றது. கோயில் மண்டபத்துப் பிரசங்கிகளோ இதனையே மறுபக்கத்தாற் பற்றிக்கொண்டு, ஓரறிவுயிர் தொடக்கம் பல பிறப்பும் பிறந்து களைத்த உயிரின் கதையை நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர், மேல்நாட்டார் இப்போதுதான் கண்டுபிடித்தனர் என்று பெருமை பேசுகின்றனர். ஒருவருக்கொருவர் பகைவரான மூன்று கூட்டத்தாரும் ஒருமித்து விரும்புகின்ற கருத்தொன்றைச் சற்றே ஐயத்தோடு நோக்குதல் நன்று. இக்கருத்து உண்மையன்று.

தமிழாசிரியன் ஒருவனுக்கு முளையவியலில் என்ன அலுவல் என்று விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். ஏணி என்பது ஓர் உவமை. உவமையொன்று விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழையும்போது அதனைக் கண்டுகொள்ள வேண்டியவர் மொழியாசிரியரே என்பது எனது எண்ணம்.

பாடநூல்களிலே பிழைகள் பல கிடக்க, இதனை மாத்திரம் சந்திக்கு இழுத்துவருவதேன் எனலாம். இது வெறும் பிழையன்று. உயிரினங்கள் யாவும் கீழிருந்து மேலாக ஒரே ஏணியில் அடுக்கப்பட்டவை. மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படிகளையெல்லாம் மிதித்து ஏறியவன். கீழே நிற்பவை வளர்ச்சி நின்றுபோனவை என்னும் நினைப்பு இதனுள்ளே பொதிந்துள்ளது. மீனையும் தவளையையும் படிகளாக்கியவர்கள் அத்தோடு அமையவில்லை. மனிதரையும் படிகளாக்கினர். அப்படிகளுள் மிகக் கீழான ஒன்றிலே நமது நாட்டு மக்களில் ஒரு பகுதியினர் பெயர் குறித்து நிறுத்தப்பட்டனர். அதனை உரிய இடத்திலே சொல்வேன்.

முதலில் முட்டையைப் பார்ப்போம். அடைவைத்த கோழிமுட்டை குஞ்சாக 21 நாட்கள் செல்லும். இற்றைக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் அரிஸ்தோத்தல் முட்டைகளை நாள்வரிசையில் உடைத்துப் பார்த்து, மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் உள்ளே ஓர் இரத்தப் புள்ளி உயிருள்ளதுபோலத் துள்ளுவதைக் குறித்துவைத்தார். அதுவே இதயம். கண்ணாற் காண்பதை எழுதும் இந்நேர்மை அவருக்குப்பின் நெடுங்காலம் அருகியே இருந்தது. நுணுக்குக்காட்டி வந்த பின்னருங்கூட, பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் முட்டைக்குள்ளேயோ விந்துக்குள்ளேயோ முழு விலங்கும் மிகச் சிறிய உருவிலே முன்னமே மடிந்து கிடக்கின்றது, வளர்ச்சி என்பது வெறும் பெருத்தலே என்று நம்பினர். 1694ஆம் ஆண்டிலே ஹார்ட்சூக்கர் என்னும் ஒல்லாந்தர், விந்தின் தலைக்குள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் குட்டி மனிதன் ஒருவனைப் படமாக வரைந்து வெளியிட்டார். அவர் கண்டது அதுவன்று. காணக்கூடும் என்று எண்ணியதை வரைந்தார். அக்கொள்கையை முடிவுவரை கொண்டுசென்றால், முதற்றாயின் வயிற்றிலேயே உலகத்து மாந்தர் அனைவரும் ஒருவர்க்குள் ஒருவராக அடங்கிக் கிடந்தனர் என்றாகும். மன்னரின் மகனும் அடிமையின் மகனும் படைப்பு நாளிலேயே தீர்ந்த தீர்ப்பு.

இதனை உடைத்தவர் காஸ்பர் பிரீட்றிக் வொல்வ். 1759இல் வெளியிட்ட நூலிலும், 1768இலிருந்து வெளிவந்த குடல் பற்றிய ஆய்விலும், உறுப்புகள் முன்னமே இருப்பனவல்ல, உண்டாகின்றன என்று அவர் காட்டினார். குஞ்சின் குடல் தட்டையான தகடாகத் தொடங்கி, மடிந்து, குழாயாகின்றது. முன்னிருந்த குழாய் எதுவும் பெருக்கவில்லை. அக்காலத்துப் பேரறிஞர் ஹாலரின் எதிர்ப்பினால் வொல்வுக்குச் சொந்த நாட்டிலே இடம் கிடைக்கவில்லை. 1767இல் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். முளையவியலின் உண்மையான வரலாறு அங்கிருந்து தொடங்குகின்றது. இல்லாதது உண்டாகும் விதத்தைக் கூறும் கலை அது.

அடுத்து வந்தவர் காள் ஏர்ன்ஸ்ற் வொன் பேயர். முலையூட்டியின் சூல்முட்டையை 1827இல் முதன்முதல் கண்டவர் அவரே. மறு ஆண்டு வெளிவந்த அவரது பெருநூலிலே ஒரு நிகழ்ச்சி வருகின்றது. மதுசாரத்திலிட்ட இரு சிறு முளையங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட அவர் மறந்துவிட்டார். பின்னர் எடுத்துப் பார்த்தபோது அவை பல்லியினுடையனவோ, சிறு பறவையினுடையனவோ, முலையூட்டியினுடையனவோ என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இதிலிருந்து அவர் எடுத்த முடிவு மனங்கொள்ளற்பாலது. கோழி முளையம் ஒருபோதும் மீனாக இருப்பதில்லை. மீனின் முளையமும் கோழியின் முளையமும் இன்னும் அதிகம் பிரியாது நிற்கும் நிலையே நமக்கு மீன்போலத் தோற்றுகின்றது. முள்ளந்தண்டு விலங்கு எதற்கும் பொதுவானது முதலில் அமைகின்றது. சிறப்பானது பின்னர் அமைகின்றது. ஆகவே ஒரு விலங்கின் முளையம் பிறிதொரு விலங்கின் வளர்ந்த வடிவத்தை ஒப்பதில்லை. அதன் முளையத்தையே ஒக்கும். ஏணியின் இடத்திலே கிளைவிட்ட மரம் வந்து நின்றது.

பேயர் நகைச்சுவையும் உடையவர். பறவைகள் தம் வளர்ச்சியைத் தாமே ஆராய்ந்து, பின் மனிதரையும் ஆராய்ந்து பாடநூல் எழுதினால் என்ன எழுதும் என்று அதே நூலிலே கற்பனை செய்கிறார். மனிதருக்கு அலகில்லை, உண்மையான இறகு ஒன்றுதானும் இல்லை. நாம் முட்டைக்குள்ளே ஐந்தாறு நாளில் இருந்த நிலையையே இவர்கள் வாழ்நாள் முழுதும் தாண்டவில்லை. கூட்டிலிருக்கும் நம் குஞ்சுகூட இவர்களை விஞ்சியது என்று அப்பறவைகள் கற்பிக்குமாம். ஏணியின் உச்சியில் எவன் நிற்கிறான் என்பது ஏணியைச் செய்தவன் எவன் என்பதைப் பொறுத்தது. 1828இலேயே ஒருவர் இதனைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். உலகம் அவரைக் கேட்கவில்லை, ஹெக்கலைக் கேட்டது.

ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் சாமானியரல்லர். கடற்பிராணிகளை அவரளவுக்கு அழகாக வரைந்தோர் சிலரே. டார்வினின் கொள்கையை ஜேர்மனியிலே பொதுமக்களுக்கு எடுத்துச் சென்றவர், மதபீடத்தை அஞ்சாது எதிர்த்தவர் என்பதும் உண்மை. அவரே 1866இல், தனியுயிரின் வளர்ச்சி அதன் குலத்தின் கூர்ப்பு வரலாற்றைச் சுருக்கமாகத் திரும்ப நடத்துகின்றது என்னும் 'விதி'யை நிறுவினார். 1868இல் வெளியிட்ட நூலிலே நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் முளையங்கள் ஒரேமாதிரியானவை என்று மூன்று படங்கள் காட்டினார். அவை ஒரேமாதிரியாக இருந்ததில் வியப்பில்லை. ஒரே மர அச்சை மூன்று முறை பதித்திருந்தார்! பாசல் நகரத்து விலங்கியலாளர் ருற்றிமையர் இதனைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார். அடுத்த பதிப்பிலே அம்மூன்று படங்கள் ஒன்றாயின. ஆயினும் 1874இல் எட்டு விலங்குகளின் முளையங்களை வரிசைப்படுத்தி அவர் வெளியிட்ட படம், பல நாடுகளின் பாடநூல்களிலே நூறாண்டுக்கு மேலாகக் குடியிருந்தது. 1997இல் மைக்கேல் ரிச்சர்ட்சன் முதலான ஆய்வாளர் பல விலங்குகளின் உண்மை முளையங்களைப் படம்பிடித்து ஒப்பிட்டுக் காட்டினர். பருமனிலும் உடற்கண்டங்களின் எண்ணிக்கையிலும் உறுப்புகள் தோன்றும் ஒழுங்கிலும் அவை வெவ்வேறாக இருந்தன. ஹெக்கல் வேற்றுமைகளை மழித்து ஒற்றுமையை ஊதிக் காட்டியிருந்தார்.

இந்த ஹெக்கல் நமது நாட்டுக்கு வந்தவர் என்பதை விலங்கியல் மாணவர் பலர் அறியார். 1881 நவம்பரில் கொழும்பிலே இறங்கி, மறு ஆண்டு மார்ச்சு மாதத்திற் புறப்பட்டார். தெற்கே வெலிகமவில் வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு கடற்பிராணிகளைச் சேகரித்தார். அங்கே அவருக்கு உதவியாய் நின்றவன், தோணியில் உடன்சென்றும் பிராணிகளைத் தேடிக் கொணர்ந்தும் உழைத்தவன், ஒரு ரொடியாச் சிறுவன். சிங்களச் சமூகத்திலே தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவன். ஹெக்கல் அவனைக் கிரேக்கப் புராணத்துக் கனிமீட் என்று செல்லப்பெயரிட்டு அழைத்து, அவனது அழகையும் திறமையையும் தமது பயண நூலிலே மனமாரப் புகழ்ந்துள்ளார். படிக்கும்போது நமக்கும் மனம் இளகும். ஆனால் அதே கை 1904இல் வெளியிட்ட நூலிலே என்ன எழுதிற்று? வேடர், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் போன்ற 'கீழ்' இனத்தார் மனவளர்ச்சியில் ஐரோப்பியருக்கன்றிக் குரங்குக்கும் நாய்க்குமே அண்மையில் உள்ளனர். ஆதலால் அவர்களுடைய உயிருக்கு வேறொரு விலை குறிக்க வேண்டும். இதுவே அவர் சொன்னதன் பொருள். பிந்தனை, மகியங்கனைக் காட்டோரத்திலே தேனெடுத்து வாழ்ந்த மனிதரின் உயிருக்கு ஜேனா நகரத்துப் பேராசிரியர் விலை குறிக்கிறார். எந்தத் துலாக்கோலைக் கொண்டு? கருப்பையிலே தாம் கண்டதாகச் சொன்ன அந்த ஏணியைக் கொண்டு.

இது ஒருவரின் தனிப்பட்ட வக்கிரம் என்று ஒதுக்குவார் உண்டு. ஹெக்கல் தனியராக நிற்கவில்லை. 1890இல் அமெரிக்க மானிடவியலாளர் பிறின்ரன், வளர்ந்த பின்னும் குழந்தைக்கும் முளையத்துக்கும் உரிய இயல்புகளை அதிகமாகக் கொண்டிருப்பவன் தாழ்ந்தவன் என்று விதித்து, அவ்வளவுகோலின்படி வெள்ளையரை உச்சியிலும் ஆபிரிக்கரை அடியிலும் வைத்தார். 1904இல் ஸ்ரான்லி ஹோல் என்னும் கல்வி உளவியலாளர், குழந்தை மனித குலத்தின் காட்டுநிலையைத் திரும்ப நடிக்கின்றது என்றும், குடியேற்ற நாட்டு மக்கள் இன்னும் பிராயம் முதிராத இனத்தார் என்றும் எழுதினார். பிராயம் முதிராதவனுக்குப் பாதுகாவலன் வேண்டும் அல்லவா? ஆளவந்த துரைமார் அப்பாதுகாவலராயினர். பின்பு என்ன நிகழ்ந்தது? 1920களிலே ஒல்லாந்து உடற்கூற்றியலாளர் லூயி போல்க் முற்றிலும் எதிரான கொள்கையை முன்வைத்தார். முளையத்தின் இயல்புகளை நெடுங்காலம் காத்துவைத்திருப்பதே மனிதனின் சிறப்பு என்றார். அளவுகோல் தலைகீழாயிற்று. பிறின்ரனின் கணக்கு உண்மையானால் இப்போது ஆபிரிக்கர் உச்சிக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை! போல்க்கின் கையிலும் வெள்ளையரே உச்சியில் நின்றனர். சான்றுகள் மாத்திரம் புதிதாகப் பொறுக்கப்பட்டன. அமெரிக்க உயிரியலாளர் ஸ்ரீவன் ஜே கூல்ட் 1977இல் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது ஏணியின் மர்மம் வெளிப்பட்டது. முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தது. முளையம் அதற்குச் சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்டது.

இனி நமது வீட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரை நம்மவர் பலருக்கு மனப்பாடம். அதிலே தாய் வயிற்று முளையம் விலங்கு முன்னோரின் கோடிக்கணக்கான ஆண்டு வரலாற்றைச் சுருக்கித் திரும்ப நடத்துகின்றது என்ற ஹெக்கலின் விதி அப்படியே இடம்பெறுகின்றது. லெனின் 1909இல் வெளியிட்ட நூலிலே ஹெக்கலை மதவாதத்துக்கு எதிரான பொருள்முதல்வாதப் படைக்கலமாகப் பாராட்டுகிறார். அவர்களது காலத்து விஞ்ஞானம் அது. அதற்காக அவர்களைக் குறைகூறுதல் சிறுமை. ஆனால் இன்றும் அதனை வேதவாக்காக ஒப்புவிக்கும் நண்பரை என்னென்பது? கையின் வளர்ச்சி, உழைப்பு, மொழி ஆகியன பற்றி ஏங்கெல்ஸ் கூறியதன் வன்மை இந்த ஒரு வரியிலே தங்கியிருக்கவில்லை. வரியை விட்டாற் கட்டுரை விழாது. விடாவிட்டால், சமூகங்கள் யாவும் ஒரே ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறியே தீரவேண்டும் என்னும் வரட்டு வாய்பாடும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கின்றது.

ஏணி இல்லையென்றால் முளையவியல் விலங்குகளைப் பற்றி என்னதான் காட்டுகின்றது? மிக அதிகம் காட்டுகின்றது. வள்ளத்தின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் வெள்ளைச் சிப்பிக்கூடுகள்போல ஒட்டிக் கிடக்கும் கொட்டலசைப் பாருங்கள். பெரும் விலங்கியலாளர் கூவியே அதனைச் சிப்பி, நத்தையின் இனத்தோடு சேர்த்தார். ஓட்டைப் பார்த்தால் எவரும் அவ்வாறே செய்வர். 1830 அளவிலே வோன் தொம்சன் அதன் குடம்பியைப் பார்த்தார். கால்களை அடித்து நீந்தும் அக்குடம்பி இறாலுக்கும் நண்டுக்கும் உறவு! வளர்ந்த பின் தலையைப் பாறையிலே ஒட்டிக்கொண்டு, காலாலே இரையை வாரி உண்டு வாழ்கின்றது. டார்வின் இப்பிராணிகளிலே எட்டு ஆண்டுகள் உழைத்ததன் பின்னரே தமது பெருநூலை எழுதினார்.

அசிடியன் இதனினும் வியப்பானது. பாறையில் ஒட்டிய தோற்பை; தொட்டால் நீரைப் பீச்சும்; தலையுமில்லை, கண்ணுமில்லை. 1866இல் ரஷ்ய அறிஞர் கொவலெவ்ஸ்கி அதன் குடம்பியை ஆராய்ந்தார். அது வாற்பேத்தைபோல நீந்துகின்றது. அதன் வாலிலே முண்ணாண் ஓடுகின்றது. அதன் மேலே நரம்புத் தண்டு கிடக்கின்றது. நமது முள்ளந்தண்டின் முதற்சட்டமாக முளையத்தில் அமைவதும் அதே முண்ணாணே. அசிடியன் குடம்பி சில காலம் நீந்திய பின் பாறையில் தலையை ஊன்றி, வாலையும் முண்ணாணையும் கரைத்துவிட்டுப் பையாகி விடுகின்றது. நண்டின் உடலிலே ஒட்டுண்ணியாக வாழும் சக்குலினாவும் அத்தகையதே. நீந்தும் குடம்பியாகப் பிறந்து, நண்டுக்குள் புகுந்து, வேர்விட்டு, கால், கண், குடல் அனைத்தும் இழந்து வெறும் பையாகின்றது. நண்டு அதனைத் தன் முட்டைத்திரள் என்று எண்ணிப் பேணுகின்றது. இவை எந்தப் படியில் ஏறின, எந்தப் படியில் இறங்கின? ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. உறவு இருக்கின்றது, பிரிவு இருக்கின்றது, வாழும் இடத்துக்கேற்ற மாற்றம் இருக்கின்றது.

நமது உடம்பிலேயே இக்கதை உண்டு. மனித முளையத்தின் கழுத்துப் பக்கத்திலே நான்காம் ஐந்தாம் கிழமைகளில் வளைவுகளும் அவற்றிடையே தவாளிப்புகளும் தோன்றுகின்றன. இவற்றையே மீனின் பூப்பிளவுகள் என்று வகுப்பிலே சொல்கின்றனர். அவை பூக்களல்ல, மனித முளையம் அவற்றால் ஒருபோதும் மூச்சுவிடுவதில்லை. மீனிலும் நம்மிலும் ஒரே அடிப்படையிலிருந்து தொடங்கும் அமைப்பு அது. மீனிலே அவ்வளைவுகளிலிருந்து பூக்களைத் தாங்கும் எலும்புகள் உண்டாகின்றன. நம்மிலே முதல் வளைவிலிருந்து தாடையும் நடுச்செவியின் இரு சிற்றெலும்புகளும், இரண்டாம் வளைவிலிருந்து மூன்றாஞ் சிற்றெலும்பும், அடுத்தவற்றிலிருந்து குரல்வளைக் கசியிழையங்களும் உண்டாகின்றன. ஊர்வனவற்றின் தாடை மூட்டிலே இருக்கும் எலும்புகளே நமது செவிக்குள் வந்துள்ளன என்பதை 1837இல் றைக்கேற் என்பவர் முளையங்களைக் கொண்டே காட்டினார். பின்னாளிற் கிடைத்த உயிர்ச்சுவடுகள் அம்மாற்றத்தின் இடைநிலைகளை வரிசையாகக் காட்டின. பல்லே இல்லாத பெருந்திமிங்கிலத்தின் முளையத்திலே பல்லரும்புகள் தோன்றி மறைகின்றன. காலில்லாத ஓங்கிலின் முளையத்திலே பின்காலரும்பு தோன்றி மறைகின்றது. நமக்கு எட்டுக் கிழமைக்குள் மறையும் வால் தோன்றுகின்றது. திமிங்கிலத்தைப் புதிதாகப் படைத்தவன் இல்லாத பல்லுக்கு அரும்பு வைப்பானேன்?

இவ்விடத்திலேதான் வேறொரு கூட்டத்தார் கைதட்டிக்கொண்டு வருகின்றனர். ஹெக்கலின் படம் பொய்யென்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டனர், ஆகவே கூர்ப்பும் பொய் என்பது இவர்கள் வாதம். 2000இல் அமெரிக்காவிலே ஜொனதன் வெல்ஸ் எழுதிய நூல் இவ்வாதத்தை உலகெங்கும் பரப்பிற்று. ஹெக்கலின் அச்சுப் புரட்டைக் கண்டுபிடித்தவர் யார்? விலங்கியலாளர். 1997இல் படத்தைத் திருத்தியவர் யார்? முளையவியலாளர். திமிங்கிலத்தின் பல்லரும்பு ஹெக்கலின் தூரிகையில் உண்டானதன்று. முள்ளந்தண்டு விலங்குகளின் முளையங்கள் தொடக்கத்திலே பெரிதும் வேறுபட்டு, நடுக்கட்டத்திலே ஒத்து, பின்னர் மீண்டும் பிரிகின்றன என்பதே இன்றைய தெளிவு. பேயரும் இதனை முழுதாகக் காணவில்லை. 2010இல் பழ ஈக்களிலும் வரிமீனிலும் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை ஆராய்ந்தவர்களும் அந்நடுக்கட்ட ஒப்புமைக்குச் சான்று கண்டனர். ஒன்று சொல்ல வேண்டும்: பேயர் டார்வினின் கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை. ஏற்றவர் பிழைவிட்டார், ஏற்காதவர் சரியாகக் கண்டார். கட்சிப் பட்டியலைக் கொண்டு உண்மையை அளக்க முற்படுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

ஏணி போனாலும் வித்து இருக்கின்றதே என்பர் சிலர். "நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை." 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழைய நின்றபோது வழிமறித்தவர்கள் ஹெக்கலைப் படித்தவர்கள் அல்லர். பிறப்பு என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. எவன் எதுவாவான் என்பது வித்திலேயே முடிந்த காரியம் என்பது அச்சொல்லின் பொருள். ஹார்ட்சூக்கரின் குட்டி மனிதன் இன்னும் சாகவில்லை. பூணூலும் பட்டமும் அணிந்து குந்தியிருக்கிறான்.

வித்திலே எல்லாம் முடிந்துவிட்டதா? 1891இல் ஹான்ஸ் ட்றீஷ், கடல் முள்ளெலியின் கருக்கட்டிய முட்டை இரண்டு கலங்களாகப் பிரிந்தவுடன் அவ்விரண்டையும் குலுக்கிப் பிரித்துவிட்டார். பாதி பாதியாக இரு பிராணிகள் உண்டாகவில்லை. சிறியவையாயினும் முழுமையான இரு குடம்பிகள் உண்டாயின. ஒரு கலம் எதுவாகும் என்பது அதனுள் இருப்பதை மாத்திரம் பொறுத்ததன்று. அதன் அயலில் யார் இருக்கின்றனர் என்பதையும் பொறுத்தது. 1924இல் ஹில்ட மன்கோல்ட் என்னும் இளம்பெண் இதனை மேலும் துலக்கினார். நியூட் எனப்படும் வாலுள்ள ஈரூடகப் பிராணியின் முளையத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, வேறு நிறமுடைய இன்னோர் இன முளையத்தின் வயிற்றுப் பக்கத்திலே பதித்தார். அங்கே இரண்டாவது முள்ளந்தண்டும் நரம்புத் தண்டும் தலையும் எழுந்தன. அவற்றின் பெரும்பகுதி பதிக்கப்பட்ட துண்டிலிருந்து வளரவில்லை. அயலிலிருந்த கலங்களே வயிற்றுத் தோலாகும் வழியை விட்டு நரம்பாக மாறியிருந்தன. அந்த ஆண்டிலேயே ஒரு தீ விபத்தில் ஹில்ட இறந்தார். 1935இல் நொபெல் பரிசு அவரது பேராசிரியர் ஸ்பேமனுக்குக் கிடைத்தது. மறைந்தவருக்குப் பரிசில்லை என்பது விதி. பாடநூல்களும் அவ்விதியைப் பின்பற்றிப் பெயரை விடவேண்டியதில்லையே.

நமது கரைகளிலும் ஓர் ஆய்வுகூடம் உண்டு. ரெக்காவையிலும் கொஸ்கொடையிலும் மணலுக்குள் முட்டையிடும் கடலாமைகளின் குஞ்சு ஆணா பெண்ணா என்பது வித்திலே எழுதப்பட்டதன்று. மணலின் வெப்பம் ஏறக்குறைய 29 பாகைக்கு மேற்பட்டால் பெண்களே பெருகும். அதற்குக் கீழ்ப்பட்டால் ஆண்கள். வெப்பத்துக்கும் பாலுக்கும் உள்ள இத்தொடர்பை முதன்முதல் 1966இல் ஒரு பல்லியினத்திலே கண்டவர் மடலீன் ஷார்னியே. ஆணும் பெண்ணும் என்ற வேற்றுமையே ஆமைக்கு மணற்சூட்டிலே தங்கியிருக்க, கோயிற் படியேறும் தகுதி மாத்திரம் வித்திலே முத்திரையிடப்பட்டு வருகிறதாம்!

இதனைக் கேட்டுச் சூழலே அனைத்தும், பரம்பரை ஒன்றுமில்லை என்று மறுகோடிக்கு ஓடுவதும் ஆகாது. அவ்வாறு ஓடியதன் விலையைச் சோவியத் நாடு கொடுத்தது. 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கொள்கை அரச ஆணையின் துணையோடு பிறப்புரிமையியலை நாடு கடத்தியது. உலகின் பயிர்வித்துகளைத் தேடித் திரட்டிய வவிலோவ் அதற்கு முன்னரே, 1943இல், சிறையில் மாண்டார். அதனை நம்மவரும் அன்று முற்போக்கு என்று எழுதினர். பரம்பரையலகு உண்டு; அதன் வலிமையும் பெரிது. ஆனால் அதுவும் ஏணிக்காரருக்கு உதவாது. 1995இல் பாசலிலே கேரிங் முதலானோர், எலியிலே கண்ணமைய வேண்டிய ஒரு பரம்பரையலகைப் பழ ஈயின் குடம்பியிலே தொழிற்படச் செய்தனர். ஈயின் காலிலும் சிறகிலும் கண்கள் முளைத்தன. அவை எலிக்கண்களல்ல, ஈக்கண்கள். எலிக்கும் ஈக்கும் பொதுவான ஒரு பழஞ்சொல் அது. அச்சொல்லைக் கேட்டு ஒவ்வோர் உடம்பும் தன் மொழியிலே விடை சொல்கின்றது. கீழ்ப்படி ஈயும் மேற்படி எலியும் என்பது இங்கே எங்கே நிற்கும்?

மனிதர் சமம் என்பதை முளையவியல் நிறுவிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது போராடிப் பெறும் உரிமை, நுணுக்குக்காட்டியிற் கண்டெடுப்பதன்று. சமமின்மைக்கு முளையத்தைச் சாட்சி இழுத்தவர்களின் சாட்சி பொய் என்பதே எனது வாதம்.

முன்னோர் பெருமை பேசுவோர்க்கும் ஒரு வார்த்தை. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிலே கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் எதிர்கொள்ளும் இடர்களை அடுக்குகிறார். திருமூலர் கர்ப்பக்கிரியை என ஒரு பகுதியே பாடினார். பிறவியின் துன்பத்தை உணர்த்தவும், உயிரைத் தாங்கும் அருளைக் காட்டவும் எழுந்த பாடல்கள் அவை. அவற்றைக் கவிதையாகவும் சமய அனுபவமாகவும் கற்பிப்பதே எனக்குத் தொழில். அதிலே எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. அவற்றை முளையவியற் கைந்நூலாக்குவோர் விஞ்ஞானத்தை உயர்த்தவில்லை, மாணிக்கவாசகரைத் தாழ்த்துகின்றனர். முட்டையை உடைத்துப் பார்த்தவரோடு அவரைப் போட்டிக்கு நிறுத்தி, அங்கே தோற்கவும் வைக்கின்றனர்.

ஹெக்கலின் படத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும். அருகிலே 1997இன் உண்மைப் படங்களும் இருக்கட்டும். அதற்கடுத்து, வேடரின் உயிருக்கு அவர் 1904இல் குறித்த விலையும் இருக்கட்டும். விலங்கியல் ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஆய்வுகூடமில்லாத பாடசாலைகளுக்கு இது எப்படி முடியும் என்று கேட்போருக்கு விடை கோழிக்கூட்டிலே கிடக்கின்றது. அடைவைத்து ஐந்தாம் நாள் முட்டையை எடுத்து, இருட்டறையிலே மின்சூள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஓட்டுக்குள்ளே சிலந்திவலைபோல் இரத்தக் குழாய்கள் படர்ந்திருப்பதும் நடுவிலே ஒரு கரும்புள்ளி அசைவதும் தெரியும். பார்த்துவிட்டு முட்டையைச் சூடாறுமுன் கோழியின் கீழே திரும்ப வைத்துவிடலாம்.